நிழற்படத்திற்கு உரியவர் யார்?

பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை அடுத்து அமைந்த ஊர் திருமழிசை. ஆழ்வார் பன்னிருவருள் ஒருவராகிய திருமழிசையாழ்வார் தோன்றிய சிறப்பு அவ்வூர்க்கு உண்டு. அவர்தம் மாணாக்கராகிய கணிகண்ணனைப் பற்றி வைணவர் வழங்கும் வரலாறு ஒன்று உளது. காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன், தன்னைப் பாடுமாறு பணித்தான். மானிடரைப் பாடுதல் இயலாதெனக் கணிகண்ணன் மறுக்கவே, அவரை நாடு கடத்துமாறு ஆணை பிறந்தது. மாணாக்கர் புறப்பட, ஆசிரியரும் புறப்பட்டார். ஆழ்வாரின் சொல்லை ஏற்றுத் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார் என்பர். மன்னன் விரைந்து சென்று பிழைபொறுக்க வேண்டிய பின்னரே அனைவரும் மீண்டனர். இதனைப் பத்திச் சுவைக்காகவே பலரும் எடுத்துரைப்பர். தன் பாட்டு எவர்க்கு ஆகும், எவர்க்கு ஆகாது என்று வரையறுக்கும் உரிமை பாடுவோனுக்கே உண்டு என்பதும் அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

கணிகண்ணனுக்கு வாய் இருந்தது, மறுத்தார். ஆடுவோரின் நிழற்படத்திற்கு வாய் இல்லை. எவர் எடுத்துச் சென்றாலும் அது உடன் செல்லும். எப்பொருளுக்கு விளம்பரமாக நிறுத்தினாலும் புன்னகையோடு நிற்கும்.

அதே திருமழிசையில், செகந்நாதப் பெருமாள் கோயில் விழாவில், ஒரு மாணவி பரதம் ஆடுகிறாள் என்க. அங்கு வந்த ஒருவர் அவளைப் படமெடுத்து இணையத்தில் வெளியிடுகிறார். சில திங்கள் கழிந்தபின் அப்படம் ஒரு நகைக்கடையின் விளம்பரப் பதாகையில் காணப்படுகிறது. படத்தின் மூலையில் இருந்த, எடுத்தவர் பெயர் வெட்டப்பட்டுள்ளது. ஆடியவள் பெயரோ முதலிலிருந்தே இல்லை. வினவினால், "இணையத்தில் கிடைத்தது" என்று விடை வருகிறது. வழியில் கிடந்த பணப்பையை எடுத்தவனும் இதனையே கூறுவான்.

இத்தகைய படத்திற்கு உரியவர் இருவர். கருவியின் பின்னே நின்றவர் ஒருவர். அதன் முன்னே ஆடியவர் மற்றொருவர். சட்டத்தின் கண்ணுக்கு முதலில் தென்பட்டவர் பின்னே நின்றவரே.

1882இல் ஆங்கில எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு அமெரிக்காவில் சொற்பொழிவாற்றச் சென்றபொழுது, நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்பவர் அவரைப் படமெடுத்தார். ஓர் அச்சு நிறுவனம் அப்படத்தை இசைவின்றி 85,000 படிகள் அச்சிட்டது. வழக்கு எழுந்தது. படம் என்பது கருவியின் செயலேயன்றி மனிதனின் படைப்பன்று என அந்நிறுவனம் வாதிட்டது. இருக்கும் நிலை, உடை, ஒளியும் நிழலும் ஆகிய அனைத்தையும் சரோனியே அமைத்தாராதலின் அவரே படைப்பாளர் என்று 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படத்தில் இருந்த வைல்டு அவ்வழக்கில் ஒரு தரப்பினராகவும் இல்லை!

சரோனிக்குப் பொருந்தியது ஆடற்படம் எடுப்போர்க்குப் பின்னும் பொருந்தும். அரைமண்டியும் அபிநயமும் ஒருங்கே நிறைவுறும் கணம் இமைப்பொழுதே நிற்கும். தாளம் அறியாதவர் அதற்கு முன்னரோ பின்னரோ படமெடுப்பர். கை ஒரு புறமும் கண் ஒரு புறமுமாக அது முடியும். எனவே, எடுத்தவர் பெயரை வெட்டி எறிதல் சிறு பிழையன்று.

முன்னே ஆடியவரின் நிலை யாது? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்றை இங்கே நோக்குதல் வேண்டும். முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரைக் கொணர்ந்து அங்கே குடியமர்த்தினான்; ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் வகுத்தான். 'ஆடற்பெண்டிர் நானூற்றுவர்' என்று தொகுத்துக் கூறிக் கல்வெட்டு அமைந்துவிடவில்லை. இன்ன பெயரினள், இன்ன கோயிலினின்று வந்தவள், இன்ன தெருவில் இத்தனையாம் வீட்டினள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே குறிக்கின்றது. கல்லில் எழுத்து வெட்டுவது எளிய வேலையன்று. ஆயினும் ஒரு பெயரையும் அவர்கள் விடவில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழிந்த இக்காலத்தில், ஒரு பெயரைத் தட்டெழுதச் சோம்பி, 'பரதநாட்டியம்' என்னும் ஒரு சொல்லோடு படத்தை உலவவிடுகின்றனர். சிதம்பரம் கோபுரத்தில் 108 கரணங்களும் சிற்பங்களாக உள்ளன. அவற்றைப் படமெடுத்து வெளியிடுவோர் எவர் உரிமையையும் கவர்ந்தவராகார். மேடையில் ஆடுபவள் கற்சிலை அல்லள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன்படி நிழற்படத்தின் படைப்பாளர் அதனை எடுத்தவரே. ஆயினும், ஒருவர் பொருள் கொடுத்துத் தமக்கெனப் படமெடுக்கச் செய்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அவரே முதல் உரிமையாளராவார். திருமழிசை மாணவியின் தந்தை பணம் கொடுத்து எடுப்பித்திருந்தால் உரிமை தந்தையுடையது. வந்தவர் தாமாக எடுத்திருந்தால் எடுத்தவருடையது. படைப்பாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் இவ்வுரிமை நிற்கும்.

ஆடுவோர்க்குரிய உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இச்சட்டத்துள் புகுந்தது. நடிகர், பாடகர், நடனக் கலைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும் 'நிகழ்த்துவோர்' எனச் சட்டம் ஒரே நிரையில் வைத்தது. நாடாளுமன்றத்தில் எவர் சேர்த்தனரோ, நல்ல உள்ளம்! 2012இல், நிகழ்த்துவோர் எனத் தம் பெயர் குறிக்கப்பெறவும், தம் புகழ் குன்றுமாறு நிகழ்ச்சி சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் அவர்க்கு உரிமை அளிக்கப்பட்டது. ஆயின், பதிவு என்று அச்சட்டம் கூறுவது ஒலியையும் அசையும் படத்தையுமே. அசையாத படத்திற்கு வேறு துணை தேடவேண்டும். அத்துணையும் அதே 1994இல் வந்தது. சிறைப்பட்ட ஒருவரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிச் சென்னையின் 'நக்கீரன்' இதழாசிரியர் தொடுத்த வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவையோ அவர் இசைவின்றி விளம்பரத்திற்குப் பயன்படுத்துவது அவர்தம் அந்தரங்க உரிமையைக் குலைப்பதாகும் என உச்ச நீதிமன்றம் கூறியது.

2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பாரதிய ஜனதா கட்சியின் தமிழ்நாட்டுப் பிரிவு வெளியிட்ட பரப்புரைக் காணொளியில் ஒரு பெண்மணி பரதம் ஆடும் காட்சி இருந்தது. அவர் மருத்துவரும் நடனக் கலைஞருமாகிய ஸ்ரீநிதி சிதம்பரம். அக்காட்சி, 2010ஆம் ஆண்டு உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டிற்கெனக் கருணாநிதி இயற்றிய பாடலின் படத்தில் அவர் ஆடியது. அவருடைய கணவரோ அப்பொழுது எதிரணியில் இருந்த காங்கிரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். தம் உருவைப் பரப்புரைக்குப் பயன்படுத்தியதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார், காணொளி நீக்கப்பட்டது. எக்கட்சி என்பதன்று இங்கு நோக்கத்தக்கது. ஆடுபவர் யாரென ஒருவரும் கேட்கவில்லை என்பதே. மொழியை வாழ்த்தி ஆடிய கை, அவர் கருதாத ஒரு சின்னத்திற்கு வாக்குக் கேட்டது. கணிகண்ணனாவது பாடுமுன் மறுக்க முடிந்தது. இவர் தம் ஆடலைக் கண்ட பின்னரே மறுக்க நேர்ந்தது.

தனியே கற்பதற்கும், ஆராய்வதற்கும், திறனாய்வதற்கும் படத்தை நேர்மையாகப் பயன்படுத்துதல் குற்றமன்று. பள்ளி ஏட்டில் ஒட்டி, ஆடியவர் பெயரையும் எடுத்தவர் பெயரையும் எழுதும் மாணவனைச் சட்டம் தேடி வாராது.

பிறர் படத்தை இணையத்தில் இட்டவர்மீது முறையிட விரும்பினால், அதனைத் தாங்கும் தளத்திற்கு உரிமையாளர் எழுத்தால் அறிவிக்கலாம். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையீடு தக்கதெனில் 36 மணி நேரத்திற்குள் தளம் அதனை மறைத்தல் வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை கிடைக்காவிடில் படம் மீளவும் தோன்றலாம். உரிமையை மெய்ப்பிக்க, வெட்டப்படாத மூலப்படமும் எடுத்த நாளும் உதவும். ஆகவே திருமழிசை மாணவியின் தந்தை முதலில் செல்லவேண்டிய இடம் நகைக்கடையன்று. அன்று விழாவில் படமெடுத்தவர் வீடே.