கூர்தலறமும் மலபரிபாகமும்

மக்கட் பிறப்பு இனி எத்திசை நோக்கிச் செல்லும்? இதனினும் சிறந்த உடம்பும் அறிவும் உடைய வேறோர் இனம் இதனின்று தோன்றுமோ? தோன்றுமாயின் அதுவே இப்பிறப்பின் பயனாகுமோ? இவ்வினாக்கள் மேனாட்டு அறிஞரிடையே ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாக நிகழ்ந்து வருவன. மரபணுவைத் திருத்தும் வழி கைவந்துவிட்ட இந்நாளில் இவை வெறும் வாதங்களாக நில்லாது, பிறக்கப்போகும் குழவியின் உடம்பைத் தொடும் செயல்களாகவும் ஆயின. ஆகலின் சித்தாந்த சைவர் இவற்றிற்குத் தம் நூல்வழி நின்று விடை காணுதல் கடமையாகின்றது. சிவஞான சித்தியார் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின் நிறுவுதல்போல, ஈண்டும் பிறர் கொள்கையை அவர் கூறுமாறே முதற்கண் உரைத்துப் பின்னர் நம் கொள்கையை ஆராய்வாம்.

சொற்பொருள் வரையறை

பரிணாமம் என்னும் சொல் நம் நூல்வழக்கில் ஒரு பொருளும் இக்கால வழக்கில் வேறு பொருளும் தந்து மயக்குவது. பால் தயிராதல்போல ஒரு பொருள் தன்னிலை திரிந்து மற்றொன்றாதலை நம் நூலார் பரிணாமம் என்பர். உமாபதி சிவாசாரியர் சகம் 1235-இல், அஃதாவது கி. பி. 1313-இல், அருளிய சங்கற்ப நிராகரணத்துள் மறுக்கப்படும் மதங்களுள் நிமித்தகாரண பரிணாமவாதமும் ஒன்று. இக்கால உயிர்நூலார் கூறும் பரிணாமமோ அதுவன்று. ஓர் இனத்துள் தலைமுறைதோறும் உடம்பின் இயல்புகள் சிறிது சிறிதாக மாறி, நெடுங்காலம் கழிந்தவழி அவ்வினமே வேறாதலை அவர் குறிப்பர். இதனைத் தமிழிற் கூர்தலறம் என்று வழங்கினாரும் உளர். மயக்கம் ஒழிதற்பொருட்டு இக்கட்டுரையில் அப்பெயரே ஆளப்படும்.

மற்றொரு மயக்கமும் ஈண்டுக் களையத்தக்கது. புல் முதலிய பல பிறவிகளினும் உழன்றமை கூறும் திருவாசகச் சிவபுராணப் பகுதியை எடுத்துக்காட்டி, தார்வின் கூறியதனை மணிவாசகப் பெருமான் அன்றே கூறினார் என மகிழ்வார் நம்மவருள் உளர். அவர் மகிழ்ச்சி அன்பின்பாற்பட்டதாயினும் ஒப்புமை பொருந்தாது. ஓர் உயிர் வினைக்கீடாகப் பல உடம்புகளை எடுத்தல் அங்குப் பொருள். உடம்புகளின் வழிமுறை மாறுதல் இங்குப் பொருள். அன்றியும், அப்பகுதியில் மரத்திற்கு முன் புழுவும், பாம்பிற்கு முன் பறவையும், மனிதர்க்கு முன் கல்லும், பின்னர்ப் பேயும் கணங்களும் தேவரும் எண்ணப்படுதலே அஃது உடம்பின் வரலாற்று வரிசை அன்று என்பதனை இனிது விளக்கும். பிறர் நூலைக்கொண்டு நம் நூலுக்குப் பெருமை தேடப் புகின் இரு நூலின் கருத்தும் கெடும் என்க.

பரபக்கம்

முதலாவது, உயிர்நூலார் கொள்கை. 1858-இல் தார்வின், வாலேசு என்னும் ஆங்கில அறிஞர் இருவர் கருத்தும் இலண்டனில் ஒருங்கு வெளியிடப்பட்டன. தார்வினது பெருநூல் 1859-இல் வெளிவந்தது. ஓரினத்துப் பிறக்கும் உயிர்களுள் உடம்பு வேறுபாடுகள் இயல்பாக உள. அவற்றுள் சூழலுக்கு இயைந்தன மிகுதியாகப் பிழைத்து மகப்பெறும். அவ்வியல்பே பின்னர்ப் பெருகும் என்பது அவர் துணிபு. மக்களுடம்பும் இவ்விதிக்குப் புறம்பன்று. மொராக்கோ நாட்டு ஜெபல் இர்ஹூத் என்னுமிடத்துக் கிடைத்த என்புகள் ஏறத்தாழ 3,00,000 ஆண்டு பழமையன என 2017-இல் அறிவிக்கப்பட்டன. அவற்றின் முகம் நம் முகத்தை ஒத்தும், தலையோட்டின் வடிவம் நம்மின் வேறுபட்டும் உள்ளன.

அம்மாற்றம் இன்றும் நின்றபாடில்லை. ஆனிரை காத்துப் பாலுண்டு வாழ்ந்த மக்களிடையே, வளர்ந்த பின்னரும் பாலைச் செரிக்கும் ஆற்றல் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் பரவியது. திபெத்திய மேட்டுநில மக்கள் உயிர்வளி குறைந்த காற்றில் வாழ்தற்கு இயைந்த மரபணுவினை உடையர். அரிவாள் போல் வளையும் செங்குருதியணுவுக்குரிய மரபணு, தாய் தந்தையருள் ஒருவர் வழியாக மட்டும் வரின் கொடிய மலேரியாக் காய்ச்சலினின்று காக்கும். இருவர் வழியாகவும் வரின் அதுவே துன்பமிக்க நோயாகும். நீலகிரி மலைவாழ் மக்களிடையே இவ்வணு உளதென்பது 1952-இல் கண்டறியப்பட்டது.

இரண்டாவது, உடம்பைத் திருத்துவார் கொள்கை. இயற்கை மெல்லச் செய்வதனை மனிதனே விரையச் செய்யலாம் என்பது இவர் கருத்து. கால்டன் என்பார் 1883-இல் இதற்கு நற்பிறப்பியல் என்னும் பொருள்படப் பெயரிட்டார். அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தில் 1907-இலும், செர்மனியில் 1933-இலும், குறையுடையார் எனப்பட்டாரை வலிந்து மலடாக்கும் சட்டங்கள் எழுந்தன. அக்கொடுமை பின்னர் உலகத்தாரால் இகழப்பட்டது. எனினும் வேட்கை ஒழிந்திலது. ஜூலியன் ஹக்ஸ்லி 1957-இல் மனிதன் தன்னைத் தானே கடந்து செல்லவேண்டும் என எழுதினார். 2012-இல் மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் முறை வெளியாயிற்று; அதனைக் கண்ட மாதரார் இருவர் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். 2018-இல் சீன நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட பெண்மகவுகள் பிறந்தமையை அறிவித்து, 2019-இல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார்.

மூன்றாவது, மேனிலை மனிதர் தோன்றுவர் என்பார் கொள்கை. புதுவையில் வாழ்ந்த அரவிந்தர் 1914 முதல் தம் ஆரியா இதழில் எழுதிய தொடர்களில், சடத்தினின்று உயிரும், உயிரினின்று மனமும் வெளிப்பட்டவாறே மனத்தின் மேலாய பேருணர்வும் இவ்வுலகில் வெளிப்படும் என்றார். 1955-இல் வெளிவந்த நூலில் பிரஞ்சுத் துறவியாராகிய தெயார் த சார்தென் என்பாரும் உலகமுழுதும் ஒரு முடிநிலை நோக்கிச் செல்கின்றது என்றார். உடம்பளவில் நில்லாது உணர்வைக் கருதினமையின் இவர் முன்னையோரினும் நமக்கு அணியர்.

ஆராய்ச்சி

உயிர்நூலார் கண்டு கூறும் மாற்றங்களை நாம் மறுக்கவேண்டுவதில்லை. உடம்பு மாயையின் காரியம். காரியப்பொருள் திரிபுடையது என்பது நமக்கும் உடன்பாடு. ஆயின் அவர் கூற்றினின்றே ஓருண்மை பெறப்படும். கூர்தலுக்கு இயைபு உண்டு, இலக்கு இல்லை. மெக்சிகோ நாட்டுக் குகை நீரில் வாழும் ஒருவகை மீன், இருளில் நெடுங்காலம் வாழ்ந்தமையால் கண்ணை இழந்தது. அதுவும் கூர்தலே. மலேரியா உள்ள நாட்டில் நலமாகும் அரிவாளணு, அஃதில்லாத நாட்டில் ஒரு நலமும் செய்யாது. சூழல் மாறின் ஏற்றம் தாழ்வாம், தாழ்வு ஏற்றமாம். ஆகவே, மக்கள் எத்திசை செல்வர் என்னும் வினாவிற்கு உடம்பினிடத்து விடை தேடுதல் காற்றாடியினிடத்து வழி வினாவுதல் போலும்.

இனி, திருத்துவார் கூற்றை நோக்குவாம். நோய் நீக்கலும் இனம் உயர்த்தலும் தம்முள் வேறு. அரிவாளணு நோயாளரின் சொந்தக் குருதிமூல அணுக்களை எடுத்துத் திருத்தி மீட்டும் உடம்பிற் செலுத்தும் மருத்துவம் 2023-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இஃது அவர் மக்களுக்குச் செல்லுவதன்று. நோய் வினைப்பயன் ஆகலின் அதனை நீக்கலாகாது என்பாரும் நம்மவருட் சிலர் உளர். அவர் திருஞானசம்பந்தப் பெருமான் திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளது முயலக நோயைத் தீர்த்தருளிய வரலாற்றை மறந்தார். வினை ஊட்டுவோனும் தீர்ப்போனும் இறைவனே. மருந்தும் அவன் திருவருளின் வாயிலாம். ஆகலின் நோயுற்றார்பால் இரங்கிச் செய்வதனைச் சைவம் தடுக்காது.

ஆனால் வலியும் அழகும் நினைவாற்றலும் மிக்க உடம்பைச் சமைத்து, அதனையே மேன்மக்கட் பிறப்பு எனல் வேறு. அங்ஙனமாயின் கண்ணற்றானும் மெலிந்தானும் கீழ்மக்களாவர். 1907-இலும் 1933-இலும் எழுந்த சட்டங்களின் வேர் இதுவே. நம் பெரியபுராணமோ பிறவியிற் கண் காணாத தண்டியடிகளைத் திருத்தொண்டருள் வைத்துப் போற்றும். திருவாரூரிற் குளம் கல்லிய தொண்டு முன்னது. கண் பெற்றமை பின்னது. கண்ணால் அவர் தொண்டராயினார் அல்லர். காரைக்காலம்மையார் அழகிய வடிவை வேண்டாது பேய்வடிவை வேண்டிப் பெற்றார். கலை பயிலாத வேடராகிய கண்ணப்பர் ஆறு நாளில் அடைந்ததனை நூல் பல கற்றாரும் அடைதல் அரிது. உடம்பின் சிறப்பு உயிரின் பக்குவத்துக்கு அளவுகோல் ஆகாது என்பது இவற்றாற் பெறப்படும்.

மூன்றாங் கொள்கையினர் உணர்வின் வளர்ச்சியைக் கருதினமை பாராட்டத்தக்கதே. எனினும் அவர்க்கும் நமக்கும் இரண்டிடத்து வேறுபாடு உண்டு. சடத்தினின்று உணர்வு வெளிப்படும் என்பது ஒன்று. சித்தாந்தத்தில் உயிர் சடத்தின் உள்ளுறையன்று. பதிபோல் அநாதியாகிய தனிப்பொருள். உலகில் உணர்வு ஒருங்கே உயரும் என்பது மற்றொன்று. உயிர்கள் பல, அவற்றின் வினையும் பலதிறத்தன, மலம் ஒன்றேயாயினும் அதன் சத்தி பலவாய் உயிர்தோறும் பொருந்தி நிற்கும். ஒருவன் உண்ண மற்றொருவன் பசி தீராதவாறுபோல, ஓரினத்தின் முன்னேற்றத்தால் ஓருயிரின் மலம் பாகமாதல் இல்லை.

சுபக்கம்

அற்றேல் சித்தாந்தம் காட்டும் திசை யாது எனின், கூறுதும். உயிர்க்குக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று நிலைகள் உள. ஆணவத்தால் முழுதும் மறைப்புண்டு, கருவி ஒன்றும் இன்றி அறியாமையிற் கிடத்தல் கேவலம். இறைவன் மாயையினின்று தனு கரண புவன போகங்களைக் கூட்ட, அவற்றால் சிறிது அறிந்து வினை செய்து பயன் நுகர்தல் சகலம். இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் எய்தி, குருவருளால் பாசம் நீங்கித் திருவடியிற் பொருந்தல் சுத்தம். திசை என்று ஒன்று உண்டாயின் கேவலத்தினின்று சகலத்திற்கும், சகலத்தினின்று சுத்தத்திற்கும் செல்வதே அத்திசை.

இக்காலத்தார் வேண்டுவன யாவும் சகலத்தின் பெருக்கமே என்பதனை ஈண்டு உற்றுநோக்குக. கண்ணினும் கூரிய கண்ணும், மனத்தினும் விரைந்த கணிப்பொறியும், நூறாண்டினும் நெடிய வாழ்வும் கருவிகளின் மிகுதியன்றி வேறல்ல. 2024-இல் அமெரிக்காவில், கைகால் இயங்காத ஒருவர் மூளையிற் பொருத்தப்பட்ட நுண்கருவியால் நினைந்த அளவிலே கணிப்பொறியை இயக்கினார். அவர்க்கு அது பேருதவி. ஆயினும் அதனால் விரிந்தது கரணம். நீங்கியது மலம் அன்று. விளக்கைப் பெரிதாக்குதலாற் குருடு நீங்காது. கருவி பெருகப் பெருக யான் எனது என்னும் செருக்கிற்கும் கைகால் பெருகுதல் உண்டு. ஆகவே சகலத்தை எத்துணை நீட்டினும் அது சுத்தமாகாது. கிழக்கே செல்ல வேண்டுவான் மேற்கே விரைதலால் பயனில்லை.

சுத்தத்திற்குப் புதிய உடம்பும் வேண்டப்படுவதில்லை. சீவன்முத்தர் இவ்வுடம்போடு இருந்தே அந்நிலையை எய்துவர். பிராரத்தம் கழியுமளவும் உடம்பு நிற்கும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கினையும் தாயுமானவர் அரும்பு, மலர், காய், கனி என உவமித்தமை அறிஞர் அறிவர். உயிரின் கூர்தல் என்று ஒன்றைக் கூறின் அதுவே கூறத்தக்கது.

தடையும் விடையும்

அஃதேல், திருவானைக்காவில் சிலந்தி வழிபட்டுக் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தது. பிறவி எதுவாயினும் ஒக்குமன்றோ, மக்கட் பிறப்பை அரிது என்றது என்னை எனின், அற்றன்று. அருளுக்குப் பிறவி தடையாகாமையை அவ்வரலாறு காட்டும். நூல் கேட்டும் சிந்தித்தும் தெளிந்தும் நிட்டை கூடுதற்கு வேண்டும் கருவிகள் மக்கட் பிறப்பில் நிறைய உள்ளமையே அதன் அருமை. கருவி இனிமேல் உளதாகும் எனக் காத்திருப்பவன் உள்ள கருவியை வீணாக்குவான்.

இன்னும், சூழலின் இயைபே இனங்களை ஆக்குமாயின் இறைவன் எற்றுக்கு என்பார்க்கு விடை இது. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். திரிகை சுழலும் முறையைச் செவ்விதின் அறிந்தவன் குயவனை மறுத்தவன் ஆகான். உயிர்நூலார் கண்டது திரிகையின் முறை. சடமாகிய மாயை தானே உயிர்களின் வினையை அறிந்து உடம்பைக் கூட்டாது என்னும் நம் துணிபு அதனால் தளர்வதில்லை.

பயன்

இதுகாறும் கூறியவற்றால், உடம்பின் மாற்றத்திற்கு இலக்கில்லை என்பதும், உயிரின் பக்குவத்திற்கே இலக்குண்டு என்பதும், அப்பக்குவம் இனம்பற்றி வாராது உயிர்தோறும் வருவது என்பதும் பெறப்பட்டன. அங்ஙனமாயின் மன்பதை செய்யற்பாலது ஒன்றும் இன்றோ எனின், உண்டு. பக்குவத்தை ஒருவர் ஒருவர்க்குக் கொடுத்தல் இயலாது. அது விளைதற்குரிய நிலத்தைத் திருத்திக் கொடுத்தல் இயலும். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் கூட்டத்தையும் ஆலயத்தையும் சார்ந்து வழிபட விதித்தமையும் இதுபற்றியே. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது ஆகலின் என்க.

ஆகவே நம் திருமடங்களும் கழகங்களும் இந்நாளிற் கருதற்பாலன இவை: பசியும் நோயும் தீர்க்கும் அறங்களில் இக்கால மருத்துவத்தை அஞ்சாது துணைக்கொள்ளல், குறையுடம்பினரைக் கீழாக எண்ணும் கொள்கை எவ்வடிவில் வரினும் மறுத்தல், சித்தாந்த நூற்பாடம் கேட்பார்க்குக் கூர்தலறத்தின் உண்மையையும் எல்லையையும் ஒருங்கு உணர்த்தல். வருங்கால மக்கள் எவ்வுடம்பினராயினும் அவ்வுடம்பினுள் நின்று விளைய வேண்டுவது உயிரே. அதற்கு உரிய காலம் வருங்காலம் அன்று. உடம்பும் கேள்வியும் கூடியிருக்கும் இக்காலமே என்று அறிக.

திருச்சிற்றம்பலம்.