ஒரு திடல் பெற்ற பிள்ளைகள்

கேள்வி: ஐஸ்லாந்தில் ஒரே மன்றம் கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து மூன்றுக்கும் ஆண்கள் அணி, பெண்கள் அணி என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் கோப்பை வாங்குகிறதாமே! நம் பக்கத்தில் கபடிக்கு ஒரு குழு, வாலிபாலுக்கு ஒரு குழு, கிரிக்கெட்டுக்கு ஒரு குழு என்று தனித்தனியாகத்தானே இருக்கிறது? பல ஆட்டத்துக்கு ஒரே மன்றம் என்ற வழக்கம் எப்படித் தொடங்கியது? தமிழர்களிடம் அது இருந்ததுண்டா?
– ஒரு வாசகர், மங்களூர் (விருத்தாசலம் வழி)

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட மன்றம் ரெய்க்யாவிக் நகரத்து வாலூராக இருக்க வேண்டும். அந்த நாட்டு மொழியில் ‘வாலூர்’ என்றால் ஒரு வேட்டைப் பறவை. நாம் வல்லூறு என்கிறோமே, அந்த இனம். இரு மொழிக்கும் உறவு கிடையாது, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. ஆனாலும் தமிழ்க் காதுக்கு இப்படி ஒரு பெயர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து சேர்வது மகிழ்ச்சிதான். 1911-ல், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் கூடிய சிறுவர்கள் கால்பந்து ஆடுவதற்காகத் தொடங்கிய மன்றம் அது. ரெய்க்யாவிக்கில் அப்போது மொத்தமே 12,000 பேர் அளவில்தான் இருந்தார்கள். 2019-ல் வாலூரின் பெண்கள் கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து மூன்றிலும் ஒரே ஆண்டில் தேசியப் பட்டம் வென்றார்கள். 2024-ல் ஆண்கள் ஹேண்ட்பால் அணி ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பெண்கள் அணியும் கொண்டுவந்தது. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் இது நடக்கிறது.

எப்படி நடக்கிறது என்று பார்க்கும்போது ஒரு தேதி கண்ணில் படுகிறது. 1939-ல் வாலூர் மன்றம் ஹ்லிதாரெண்டி என்ற பண்ணை நிலத்தை விலைக்கு வாங்கியது. அதுவரை அது முதன்மையாகக் கால்பந்து மன்றம். 1940-ல் ஐஸ்லாந்தில் முதல் தேசிய ஹேண்ட்பால் பட்டம் ஆடப்பட்டபோது வென்றது வாலூர். 1970-ல் நகரத்தில் தனியாக இருந்த ஒரு கூடைப்பந்து மன்றம் வாலூரோடு இணைந்தது. இன்றும் வாலூரின் வீடு அந்தப் பண்ணைதான். ஹேண்ட்பால் களம் 40 மீட்டருக்கு 20 மீட்டர். கூடைப்பந்துக் களம் 28-க்கு 15. பெரியதற்குக் கூரை போட்டால் சிறியது அதற்குள் அடங்கிவிடும், தரையில் இன்னொரு நிறத்தில் கோடு போட்டால் போதும். அங்கே கோடை குறுகியது, குளிர்காலம் நீண்டது, இருண்டது. வெயில் இருக்கும் மாதங்களில் புல்லில் கால்பந்து, இருட்டு வந்ததும் அதே பிள்ளைகள் கூரைக்குள். ஒரே நிலம், ஒரே பிள்ளைகள், இரண்டு பருவம். பல ஆட்ட மன்றத்தின் பிறப்பை இங்கேதான் பார்க்கிறேன். மன்றம் ஓர் ஆட்டத்தின் ஆசையால் பிறக்கலாம். அது பல ஆட்டத்துக்குத் தாயாவது நிலம் சொந்தமாகும்போதுதான். காலியாகக் கிடக்கும் சொந்த நிலம் ‘இங்கே வேறு என்ன ஆடலாம்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இரவல் நிலம் அப்படிக் கேட்பதில்லை.

தமிழர்களிடம் இருந்ததா என்றால், இருந்தது, இருக்கிறது. ரெய்க்யாவிக்கின் மிகப் பழைய கால்பந்து மன்றமான கே.ஆர். தொடங்கியது 1899-ல். அதே 1899-ல் கொழும்பில் தொடங்கியது ‘தமிழ் யூனியன் கிரிக்கெட் அண்ட் அத்லெடிக் கிளப்’. பெயரிலேயே கிரிக்கெட்டோடு ஓட்டமும் தாண்டலும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். அந்தக் காலக் கொழும்பை மனதில் கொண்டால்தான் இது புரியும். ஐரோப்பியருக்கு 1863-லிருந்தே கொழும்பு கிரிக்கெட் கிளப் இருந்தது. 1896-ல் பறங்கியர் தங்களுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள், 1899-ல் சிங்களவர், தமிழர், 1908-ல் சோனகர். ஒவ்வொரு கதவும் இன்னொரு கதவு மூடியிருந்ததால் திறந்தது. சென்னையிலும் இதே கதைதான். 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் அப்போது இந்தியர் உறுப்பினராக முடியாது. 1888-ல் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, மட்டையும் பந்தும் வாங்கக் காசில்லாத பையன்களுக்குத் தன் கைப்பணத்தில் வாங்கித் தந்தார். வெள்ளையர் மன்றத்தோடு சமமாக நின்று ஆடும் ஒரு போட்டிக்கும் ஏற்பாடு செய்தார். 1908-ல் அது நடப்பதற்குள் இறந்துபோனார். மாகாணப் போட்டி என்று அது பின்னாளில் பொங்கலை ஒட்டிய சென்னை வழக்கமாகவே ஆகிவிட்டது.

கொழும்புத் தமிழ் யூனியனின் நிலக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மன்றம் தொடங்கி நாற்பது ஆண்டுக்குப் பிறகு, 1940 வாக்கில், பொரளைக்குப் பக்கத்தில் வனாத்தமுல்லைச் சதுப்பைத் தூர்த்துத் திடலாக்கினார்கள். முன்னின்றவர் பி. சரவணமுத்து, இலங்கைக் கிரிக்கெட் வாரியத்துக்கு முதல் தலைவரானவரும் அவரே. தவளை கத்திய அந்தச் சதுப்பில் 1948-ல் பிராட்மன் வந்து ஆடினார். அன்று இலங்கை அணிக்குத் தலைவர் தமிழ் யூனியனின் எம். சதாசிவம், அதற்கு முந்தைய ஆண்டு சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டம் எடுத்தவர். 1982 பிப்ரவரி 17 அன்று இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியைத் தொடங்கியதும் இதே திடலில், இங்கிலாந்துக்கு எதிராக. 1985 செப்டம்பரில் இந்தியாவை 149 ஓட்டத்தில் வென்று முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் இங்கேதான். 133 டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனுக்குத் தாய் மன்றம் தமிழ் யூனியன். ஒரு சமூகத்தின் மன்றம் தூர்த்த சதுப்பு, ஒரு நாட்டின் கிரிக்கெட்டுக்குப் பிறந்த வீடு ஆனது. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

‘நீங்கள் சொல்வதெல்லாம் கிரிக்கெட்டாகவே இருக்கிறதே, இதைப் பல ஆட்ட மன்றம் என்பது பொருந்துமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ் யூனியனின் புகழில் பெரும்பங்கு கிரிக்கெட்டுடையது என்பதை மறைக்க வழியில்லை. ஆனால் காரணத்தைத் தேடினால் மறுபடியும் நிலத்திடம்தான் வந்து நிற்கிறோம். கிரிக்கெட் திடலுக்கு மூன்று ஏக்கருக்கு மேல் வேண்டும். அதன் நடுவில் இருக்கும் ஆடுகளத்தை வீட்டுச் சாமி அறை மாதிரிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் கால்பந்துக் காலணி ஏறினால் ஒரு பருவத்து உழைப்பு வீண். அதாவது கிரிக்கெட் திடல் மற்ற ஆட்டங்களை ஓரத்துக்குத் தள்ளிவிடும் இயல்புடையது. வாலூரின் 40-க்கு 20 தரை மற்றவற்றை உள்ளே கூப்பிடும் இயல்புடையது. திடலின் வடிவம் மன்றத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்ற என் வாதத்துக்குத் தமிழ் யூனியன் எதிர்ச்சாட்சி ஆகாது. இன்னொரு பக்கத்திலிருந்து வரும் சாட்சி அது.

‘இதெல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்துப் போட்ட சூடு’ என்பது அடுத்த வாதம். ஆட்டங்களில் பல இரவல் என்பது உண்மை. ஐஸ்லாந்துக்கும் கால்பந்து இரவல்தான். 1890களில் ரெய்க்யாவிக்கில் அச்சுத்தொழில் செய்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொல்லிக்கொடுத்தது. அந்நாடு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததில்லை, டென்மார்க்கின் கீழ் இருந்தது. ஆட்சி வேறு, தட்பவெப்பம் வேறு, மொழி வேறு. இருந்தும் இரண்டு ஊரிலும் ஒரே பத்தாண்டில் மன்றங்கள் முளைத்திருக்கின்றன. வெறும் போலச்செய்தல் என்று இதை ஒதுக்க முடியவில்லை. வாலூருக்கு வித்திட்ட அதே கிறிஸ்தவ இளைஞர் சங்கம்தான் சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரிக்கும் தாய். நம் கிராமத்து வாலிபால் வலையும் அந்தச் சங்கத்தின் வழியாக வந்ததே. 1895-ல் அமெரிக்காவில் அதன் ஆசிரியர் ஒருவர் உருவாக்கிய ஆட்டம் அது. ஒரே விதை ஐஸ்லாந்திலும் விழுந்தது, இங்கும் விழுந்தது. அங்கே சொந்த நிலத்தில் மரமானது. இங்கே கல்லூரியாகவும் பள்ளிக்கூட விளையாட்டுப் பீரியடாகவும் ஆனது; ஊர் மன்றமாக ஆகவில்லை.

இன்னொரு எதிர்ப்பு இவற்றையெல்லாம்விடக் கனமானது. சமூகத்தின் பெயரால் மன்றம் வைப்பது பிரிவினைக்குத்தானே வழி? நம் ஊர்களில் திடல் யாருடையது, யார் கால் அதில் படலாம் என்பதற்கு இன்றும் தகராறு நடப்பதை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விலக்கப்பட்டவர்கள் கட்டிய மன்றம் நாளைக்கு மற்றவரை விலக்கும் மன்றமாகலாம். அந்த ஆபத்து மெய். தமிழ் யூனியன் தன்னைத் திறந்துகொண்டதால் பிழைத்தது. 433 டெஸ்ட் விக்கெட் எடுத்த ரங்கன ஹேரத் என்ற சிங்களவர் அந்த மன்றத்துக்காக ஆடியவர். ஐஸ்லாந்து மன்றங்களுக்குச் சமூகப் பெயர் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு பேட்டை, ஒரு ஊர் சார்ந்தது. அங்கே குடியிருக்கும் எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம். எனக்கு இதில் தயக்கமில்லை: பெயர் ஊருடையதாக இருக்க வேண்டும், நிலம் பொதுவாக இருக்க வேண்டும். ஒரு தெருவின் பெயரில் வைக்கும் மன்றம் வேண்டவே வேண்டாம்.

‘ஒரே பிள்ளை நாலு ஆட்டம் ஆடினால் எதிலும் தேறாது’ என்று பெற்றோர் சொல்வதுண்டு. புச்சிபாபுவின் மகன் சி. ராமசாமி 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 1936-ல் 40 வயதில் மான்செஸ்டரில் டெஸ்ட் கிரிக்கெட்டில் இறங்கி முதல் ஆட்டத்தில் 40-ம் 60-ம் எடுத்தார். அவர் தேறவில்லை என்று யார் சொல்வார்கள்? எம்.ஜே. கோபாலனின் கதை வேறு மாதிரி. ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். அதே 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டோடு போனார். அங்கே ஒரு டெஸ்ட்கூட அவருக்குக் கிடைக்கவில்லை; பெர்லினில் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. ஆக, உச்சிக்குப் போனபின் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும், அந்தத் தேர்வு வலிக்கவும் செய்யும். ஆனால் எட்டு வயதில் எந்தப் பிள்ளைக்கும் பெர்லின் காத்திருக்கவில்லை. அந்த வயதில் எது தன் ஆட்டம் என்று கண்டுபிடிக்க நாலும் ஆடிப்பார்க்க ஓர் இடம் வேண்டும்.

இப்போது மங்களூருக்கு வருவோம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி பூமி உங்களுடையது. அறுப்பு முடிந்த காட்டில் கொஞ்ச நாள், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் கொஞ்ச நாள், பொங்கல் டோர்னமென்டுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு நாள் என்றுதான் தமிழ்நாட்டுக் கிராமத்துக் குழுக்கள் ஆடிவருகின்றன. மழை வந்து ஏரி நிரம்பினால் கிரிக்கெட் குழு கலைந்துபோகும். ஏர் இறங்கினால் கபடிக் குழு கலையும். நிலம் இரவலாக இருப்பதால் குழுக்களும் தனித்தனியாகச் சிதறியிருக்கின்றன. ஒற்றுமைக் குறைவு என்று பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இதில் அதிகம் இழப்பது பெண் பிள்ளைகள். பையன்கள் எந்தத் தரிசிலும் நுழைந்து ஆடுவார்கள். ஊர் ஒப்புக்கொண்ட, விளக்கு வெளிச்சமுள்ள ஓர் இடம் இருந்தால்தான் பெண்ணை அனுப்புவார்கள். உங்கள் கடலூர் மாவட்டத்திலிருந்தே இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் கால்பந்து அணிவரை போனார் என்றால், வாசலைத் தாண்டவே முடியாமல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! அரசு கிராமங்களுக்கு விளையாட்டுச் சாமான் கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனால் பந்துக்குப் பீரோ போதும், ஆட்டத்துக்குப் போதாது.

எவ்வளவு நிலம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வாலிபால் களம் 18 மீட்டருக்கு 9. ஆண்கள் கபடிக் களம் 13-க்கு 10. சுற்றி ஓட இடம் விட்டாலும் இரண்டும் வாலூரின் அந்த 40-க்கு 20 தரைக்குள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துவிடும். அது நம் அளவையில் சுமார் 20 சென்ட். முழுக் கால்பந்து மைதானத்துக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் ஆகும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் ஃபியூஸ் கட்டையும் வேகும், பொம்மையும் வேகும். அதற்கு ஒன்று இதற்கு ஒன்று என்று யாரும் சூளை கட்டுவதில்லை. மன்றத்தைச் சங்கமாகப் பதிவு செய்ய 1975-ம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் போதும். கபடிக் குழுவில் இரண்டு பேர், வாலிபாலில் இரண்டு, கிரிக்கெட்டில் இரண்டு, ஏழாவதாகப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் என்று உட்கார்ந்தாலே கணக்குச் சரியாகிவிடும். அவர்களுடைய முதல் மனு கோப்பைக்கோ பனியனுக்கோ ஸ்பான்சர் கேட்பதாக இருக்கக் கூடாது. அந்த 20 சென்டை ஊராட்சியின் பெயரில், விளையாட்டுத் திடல் என்றே கிராமக் கணக்கில் எழுதிக் கேட்பதாக இருக்கட்டும். வாலூருக்குத் தன் நிலம் கிடைக்க 28 ஆண்டு ஆனது. தமிழ் யூனியனுக்கு நாற்பது.