மருத்துவ உயில்: எழுதி வைத்தால் மட்டும் போதுமா?

‘எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்தாயிற்று, இனிக் கவலை இல்லை.’ மருத்துவ உயில் பற்றி நம் மக்களிடம் இருக்கும் நம்பிக்கைகளில் அதிகக் கேடு செய்யக்கூடியது இதுதான். மற்ற தவறான எண்ணங்கள் ஒருவரை எழுதவிடாமல் தடுக்கின்றன; இதுவோ எழுதியவரையே ஏமாற்றிவிடுகிறது. தீராத நோயின் கடைசிக் கட்டத்தில், பேசவோ தலையசைக்கவோ முடியாமல் கிடக்கும்போது வென்டிலேட்டர் வேண்டுமா, டயாலிசிஸைத் தொடர வேண்டுமா, மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்த வேண்டுமா என்பதை நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைப்பதுதான் மருத்துவ உயில். சொத்து உயிலுக்கு அவசரம் கிடையாது. ஆள் போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னும்கூடத் தேடி எடுக்கலாம். மருத்துவ உயில் தேவைப்படுவது உயிர் இருக்கும்போது, பல நேரங்களில் நள்ளிரவில், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியின் ஐசியூ வாசலில். அந்த நேரத்தில் டாக்டரின் கைக்கு வந்து சேராத உயில், எழுதப்படாத உயிலுக்குச் சமம். கேரளம் முழுவதற்கும் ஒரே மருத்துவ உயில் பதிவகம் வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு இதுவே காரணம். அந்தத் தேவை பாலக்காடு, இடுக்கி எல்லையில் வாழும் தமிழர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு படி அதிகம்.

முதலில் பழைய அச்சங்களைத் தீர்த்துவிடலாம். ‘இது கருணைக்கொலைக்குச் சம்மதம்’ என்பது தவறு. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறப்பதும் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஊசி போட்டு உயிரைப் போக்குவது இந்தியாவில் குற்றம்தான்; தீர்ப்பு அதைத் தொடவில்லை. குணமாக்க வழியில்லாத நிலையில், உயிரை இழுத்துப் பிடித்து வைக்க மட்டுமே உதவும் சிகிச்சையை நிறுத்தலாம் அல்லது தொடங்காமல் இருக்கலாம், அவ்வளவே. ‘எழுதிக் கொடுத்தால் டாக்டர் கைகழுவிவிடுவார்’ என்பதும் சரியல்ல. வலிக்கு மருந்து, மூச்சுத்திணறலுக்கு மருந்து, படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டுவது எல்லாம் கடைசி நிமிடம் வரை தொடர வேண்டியவை. 2008லேயே பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுப் படியேறி வருவதை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தமிழர்களாகிய நமக்கு இதில் கூடுதலாக ஓர் உறுத்தல் உண்டு. விருதுநகர் போன்ற தென்மாவட்டங்களில் நடந்ததாகப் பதிவாகியுள்ள தலைக்கூத்தல், அதாவது படுத்த படுக்கையான முதியவரை வீட்டாரே சாகடிக்கும் வழக்கம், பலரும் அறிந்ததுதான். ‘சட்டமே இதற்குக் கதவு திறந்துவிட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?’ என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. ஆனால் தலைக்கூத்தலில் முடிவு வீட்டாருடையது. படுத்துக் கிடப்பவரிடம் யாரும் கேட்பதில்லை, டாக்டர் பார்ப்பதில்லை, எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. மருத்துவ உயிலில் 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள ஒருவர் தானே எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பிறகும்கூட, ஆஸ்பத்திரியின் மூன்று டாக்டர்கள் கொண்ட முதல் குழுவும், மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் இடம்பெறும் இரண்டாம் குழுவும் நிலைமையை ஆராய்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். நிறைவேற்றுவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். நிலத்துக்காக அவசரப்படும் மகனுக்கு இத்தனை கண்கள் இடைஞ்சல்தான். எழுதியவர் நேரில் வந்ததையும், எந்தத் தேதியில் என்ன எழுதினார் என்பதையும் ஒரு பொதுப் பதிவேடு காட்டுமானால் இடைஞ்சல் இன்னும் கூடும்.

‘மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வாங்கினால்தான் செல்லும்’ என்பது 2018இல் உண்மை. நடைமுறையில் யாராலும் தாண்ட முடியாத அந்தப் படியை, நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு 2023 ஜனவரி 24 அன்று நீக்கிவிட்டது. இப்போது இரண்டு சாட்சிகளோடு ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் முன் கையெழுத்திட்டால் போதும். ஆனால் அதே உத்தரவில், பலரும் படிக்காமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. உயிலின் நகல் ஒன்றை உள்ளாட்சி அமைப்பின் உரிய அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதன் பாதுகாவலர். நோயாளி நினைவிழந்த நிலையில், வைத்தியம் பார்க்கும் டாக்டர் தன் முன் நீட்டப்படும் தாள் உண்மையானதா என்பதை நோயாளியின் டிஜிட்டல் மருத்துவப் பதிவிலோ அந்தப் பாதுகாவலரிடமோ உறுதி செய்துகொள்ள வேண்டும். அதாவது, தேடிக் கண்டெடுக்கும் வழி ஒன்று இருக்கும் என்று நம்பித்தான் சட்டம் நிற்கிறது. மும்பையின் டாக்டர் நிகில் தாதார் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்ட பிறகு மகாராஷ்டிரம் உள்ளாட்சி அமைப்புகளில் நானூறுக்கும் மேற்பட்ட பாதுகாவலர்களை நியமித்தது. கோவாவில் 2024இல் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் தன் உயிலை எழுதி முன்னுதாரணம் காட்டினார். கேரளத்தில் கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரியில் அதே ஆண்டு தகவல் கவுண்டரே திறக்கப்பட்டது. எல்லாம் நல்ல தொடக்கங்கள். இருந்தும், பஞ்சாயத்து அலுவலக அலமாரியில் கோப்பாகக் கிடக்கும் நகலை மாலை ஐந்து மணிக்கு மேல் யார் எடுத்துத் தருவார்?

இனி நம் எல்லைக்கு வருவோம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, முதலமடைக்காரர்களுக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் கிழக்கே திரும்பி பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போவது சாதாரணம். மறையூர், காந்தளூர்க்காரர்களுக்கு உடுமலைப்பேட்டை. குமுளிக்காரர்களுக்குக் கம்பமும் தேனியும். சிகிச்சை கிடைக்கும் இடம் தமிழ்நாடு, ஆவணம் இருக்கும் இடம் கேரளம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பலரும் தென்காசி, திருநெல்வேலி, தேனிப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். வாழ்நாளெல்லாம் மலையில் உழைத்தவர் அங்கேயே எழுதிக் கொடுத்த விருப்பம், அவருக்கு நோய் முற்றும் வயதில் மலையிலேயே தங்கிவிடும். ஒரு பஞ்சாயத்தின் அலமாரி இந்த மக்களின் வாழ்க்கைக்கு எந்த வகையிலும் ஒத்துவராது.

‘மாநில எல்லை தாண்டினால் இதெல்லாம் நடக்காது’ என்பதும் வெறும் நம்பிக்கைதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்தும். பாலக்காட்டில் எழுதிய உயில் கோவையிலும் செல்லும். குறை சட்டத்தில் இல்லை, பார்க்கும் வசதியில் இருக்கிறது. வாளையாரில் ஒரு லாரியை நிறுத்தினால், அது எந்த மாநிலத்தில் பதிவான வண்டி என்றாலும் வாகனப் பதிவுக்கான ‘வாகன்’ இணையதளத்தில் விவரம் வந்துவிடுகிறது. லாரிக்குக் கிடைக்கும் அந்த வசதி நோயாளிக்கும் கிடைக்கத்தான் வேண்டும். ஸ்பெயினில் சுகாதாரம் நம் நாட்டைப் போலவே பிராந்திய அரசுகளின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பிராந்தியமும் தனிப் பதிவேடு வைத்திருந்தது. ஒரு பிராந்தியத்தவர் வேறொன்றில் மருத்துவமனையில் சேர்ந்தாலும் டாக்டர் பார்க்க வசதியாக, 2007இல் அவற்றை இணைக்கும் தேசியப் பதிவேட்டை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2009 முதல், டாக்டர் கையெழுத்திட்ட சிகிச்சை அறிவுறுத்தல்களை ஆம்புலன்ஸ் ஊழியர்கூட எந்த நேரமும் தொலைபேசியில் கேட்டறியலாம். கேரளத்துக்கு அடித்தளமும் புதிதாகப் போட வேண்டியதில்லை. 941 கிராம பஞ்சாயத்துகளும் நகர அமைப்புகளும் பிறப்பு, இறப்புப் பதிவு முதலியவற்றுக்கு கே-ஸ்மார்ட் என்ற இணையதளத்துக்கு வந்துவிட்டன. மருத்துவ உயிலுக்கும் அங்கே ஓர் இடம், இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண், தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளும் சரிபார்க்க ஓர் ஒப்பந்தம். இவ்வளவுதான் வேண்டும்.

எதிர்வாதங்களில் கனமானது அந்தரங்கம் பற்றியது. சாவைப் பற்றி ஒருவர் எழுதியதை அரசு கம்ப்யூட்டரில் ஏற்றினால் யார் யாரோ பார்ப்பார்கள் என்ற கவலையைத் தள்ளிவிட முடியாது. வைத்தியம் பார்க்கும் டாக்டர் மட்டுமே திறக்க வேண்டும், திறந்தவர் பெயரும் நேரமும் பதிவாக வேண்டும், எழுதியவருக்கும் அவர் குறிப்பிட்ட நெருங்கிய உறவினருக்கும் உடனே குறுஞ்செய்தி போக வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பதிவகத்தை நானும் ஆதரிக்க மாட்டேன். ‘மனம் மாறினால் மாட்டிக்கொள்வோம்’ என்பார்கள். எழுத்து மூலம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஒன்றுக்கு மேற்பட்ட உயில் இருந்தால் கடைசியாகக் கையெழுத்தானதே செல்லும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எது கடைசி என்பதைக் காட்டத்தானே பதிவகம்? போர்ச்சுகலில் பதிவு ஐந்தாண்டுகளே செல்லும். அதற்குள் நினைவூட்டல் வரும். நம் பதிவகமும் காலாவதி விதிக்காமல் நினைவூட்டினால் போதும். பதிவு செய்யாத உயில் செல்லாது என்ற நிலை மட்டும் ஒருபோதும் வந்துவிடக் கூடாது; பதிவு ஒரு வசதியே தவிர நிபந்தனை அல்ல.

‘ஆஸ்பத்திரியே எட்டாத மலையில் முதலில் சிகிச்சை கிடைக்கட்டும், சிகிச்சை வேண்டாம் என்று எழுதுவது பிறகு’ என்ற குரல் இடுக்கியில் எழுந்தால் அதில் நியாயமான கோபம் இருக்கிறது. நல்ல ஆஸ்பத்திரிக்கான கோரிக்கையை இதற்காக யாரும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, பலன் இல்லை என்று தெரிந்த பிறகும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல வாய் வராமல் நிற்பது பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள்தான். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் பிள்ளைகளை அழுத்துகிறது. அப்பாவோ அம்மாவோ தாமே எழுதியது கையில் இருந்தால் அந்தப் பாரம் அவர்கள் தலையில் விழாது.

மொழி விஷயத்தில் உறுதியாக நிற்க வேண்டியது நாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் தந்திருக்கிறது. தன் கடைசி நாட்களைப் பற்றி, தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள ஆவணத்தில் ஒருவர் கையெழுத்திட நேர்ந்தால் அது அவருடைய விருப்பம் ஆகாது. பதிவகம் வரும்வரை, எழுத விரும்புகிறவர்கள் நகலை ஒரே இடத்தில் வைக்காதீர்கள்: பஞ்சாயத்துக்கு ஒன்று, குடும்ப டாக்டருக்கு ஒன்று, உயிலில் பெயர் குறிப்பிட்ட உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, எல்லாருடைய போனிலும் அதன் படம். அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்: நம் பஞ்சாயத்தில் மருத்துவ உயிலின் பாதுகாவலர் யார், தமிழ்ப் படிவம் எங்கே, கோவையிலோ தேனியிலோ இருக்கும் டாக்டர் இரவு இரண்டு மணிக்கு அதை எப்படிப் பார்ப்பார்? பதிலையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.