பராக்குப் பார்க்கிறதா பிள்ளை? அதட்டும் முன் சில குறிப்புகள்

பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை பாதிப் பேச்சில் நின்றுவிடும். கண் ஓரிடத்தில் நிலைக்கும், இமை லேசாகப் படபடக்கும். பத்து விநாடி போனதும் ஒன்றுமே நடக்காததுபோல விளையாடப் போய்விடும். கீழே விழாது, நுரை தள்ளாது. அதனால்தான் இதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. டாக்டர்கள் ஆப்சென்ஸ் வலிப்பு என்பார்கள். பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். ஒரே நாளில் பல பத்து தடவைகூட வரும்.

1. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தொடுங்கள். வெறும் யோசனையில் இருக்கிற பிள்ளை திரும்பிப் பார்த்துவிடும். வலிப்பென்றால் அது முடிகிறவரை திரும்பாது; நடுவில் நீங்கள் சொன்னதும் நினைவில் இருக்காது. இன்னொரு அடையாளமும் உண்டு. பராக்கு என்பது போரடிக்கும் நேரத்தில் வருவது. இது சோறு வாயில் இருக்கும்போதும் வரும், கோலி விளையாட்டின் நடுவிலும் வரும்.

2. கட்டுரை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். சொல்வதெழுதுதலில் நடுவில் இரண்டு சொல் விடுபட்டிருக்கும், அல்லது பேனா கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். வகுப்பு டீச்சரிடம், “கவனிக்கிறானா?” என்று கேட்டால், “கவனிக்கிறதே இல்லை” என்ற பதில்தான் வரும். “நடுவில் அப்படியே உறைந்துபோகிறானா?” என்று கேளுங்கள்.

3. செல்போனில் வீடியோ எடுங்கள். மருத்துவர் முன்னால் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் வாயால் சொல்வதைவிட இருபது விநாடிப் படம் அதிகம் சொல்லும். முகமும் கையும் சேர்ந்து தெரிய வேண்டும். எடுக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் வரவில்லை என்பதும் பதிவாகட்டும்.

4. ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை விநாடி, உதட்டைச் சப்பியதா, முடிந்ததும் தெளிவாக இருந்ததா என்று குறியுங்கள். நிமிடக் கணக்கில் நீடித்து, பிறகும் குழப்பமாக இருந்தால் அது வேறு வகையாக இருக்கலாம். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மருந்தே தீர்மானமாகும்.

5. அம்பை, சேரன்மகாதேவி பக்கத்துக்காரர்கள் முதலில் அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவரைப் பார்க்கலாம். அடுத்த கட்டம் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நேரில் பார்த்தது ஆச்சி என்றால் ஆச்சியையே கூட்டிப் போங்கள். பார்க்காத அப்பா போய் விவரம் சொல்வதில் பயனில்லை.

6. மூளையின் மின் அலையைப் பதியும் இ.இ.ஜி. சோதனை எடுக்கச் சொன்னால் முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். நம் ஊரில் எண்ணெய் வைக்காமல் பிள்ளையை வெளியே அனுப்ப மனசு வராது. அன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இறுக்கிப் பின்னவும் வேண்டாம், பூவும் வேண்டாம். காலைச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். எவ்வளவு தூங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில சமயம் தூக்கத்தைக் குறைத்து வரச் சொல்வார்கள். சோதனையின்போது மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். ஆப்சென்ஸ் வலிப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே வந்துவிடும், விநாடிக்கு மூன்று என்ற கணக்கில் அலை பதிவாகும். பாஸ்டன் மருத்துவர்கள் 1935-இல் கண்டு எழுதிய அதே அலைதான். இந்த மூச்சுச் சோதனையை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள்.

7. ஸ்கேன் எடுத்தால்தான் மனசு ஆறும் என்று நீங்களாக அடம்பிடிக்காதீர்கள். வழக்கமான ஆப்சென்ஸ் வலிப்புக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. தேவை என்றால் அவர்களே சொல்வார்கள்.

8. மாத்திரை விஷயத்தில் இரவல் கூடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும் கார்பமசெபைனும் ஃபெனிடாயினும் இந்த வலிப்பைக் கூட்டிவிடக்கூடியவை. இதற்கு வழக்கமாகத் தருவது எத்தோசக்சிமைடு அல்லது வால்புரோயேட். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வேலை செய்தன. பிள்ளையின் கவனம் சிதறுவது எத்தோசக்சிமைடில் குறைவாக இருந்தது. எழுதிக் கொடுத்த மருந்து கடையில் இல்லையென்றால் கடைக்காரர் தரும் மாற்றை வாங்காமல் மருத்துவரைக் கேளுங்கள். பெண் பிள்ளை என்றால், வளர்ந்த பிறகும் வால்புரோயேட் தொடர வேண்டியிருக்குமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். கர்ப்ப காலத்தில் அது சிசுவைப் பாதிக்கும்.

9. மந்திரிக்கவும் கோயில் கொடைக்கும் போவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அவ்வளவுதான். நின்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

10. ஆறுதான் என் பெரிய கவலை. பத்து விநாடி நினைவு தப்புவது திண்ணையில் ஒன்றுமில்லை, தாமிரபரணியில் உயிர் போகும். குறுக்குத்துறையோ பாபநாசமோ, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். படித்துறையில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. கிணற்றுக் குளியல், மரம் ஏறுவது, ரோட்டில் சைக்கிள் எல்லாம் வலிப்பு கட்டுக்குள் வந்துவிட்டதாக மருத்துவர் சொன்ன பிறகு.

11. பள்ளியில் மறைக்காதீர்கள். பின்னால் கல்யாணம் தட்டிப்போகும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் கால்-கை வலிப்பைத் தடையாகச் சொன்ன வரியை 1999-இலேயே நீக்கிவிட்டார்கள். அதுபோக, இந்த வகை வலிப்பு பல பிள்ளைகளுக்கு வளரும் பருவத்திலேயே நின்றுவிடுகிறது.

12. கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதுவும் திணிக்காதீர்கள், சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துப் பயனில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, முதல் தடவை என்றாலோ, தண்ணீருக்குள் வந்திருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.