கவ்வாத்துக் கத்தியும் கண்ணுக்குப் போடும் லேசரும்



கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு நாம் பாடம் சொல்லத் தேவையில்லை. கத்தி மழுங்கினால் கிளை பிளக்கும், பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கி அழுகும், செடி பட்டுப்போகும். கல்முனைக்குப் பக்கத்து மருதமுனையில் தறி நெய்கிறவர்களைக் கேட்டாலும், "ஒரு நூல் அறுந்தாப் போதும், சாரம் பழுதுதான்" என்பார்கள். செடிக்கும் துணிக்குமே இவ்வளவு கவனம் என்றால், கண்ணுக்கு எவ்வளவு வேண்டும்?

கண்ணின் முன்பக்கத்தில் மணிக்கூட்டுக் கண்ணாடி போலத் தெளிவான ஒரு படலம் உண்டு. டாக்டர்மார் இதைக் கோர்னியா என்பார்கள். இதன் தடிப்பு சுமார் அரை மில்லிமீற்றர்தான். இதன் வளைவு கண்ணின் நீளத்துக்குப் பொருந்தாவிட்டால் பார்வை மங்கும். முன்பு இந்த வளைவைத் திருத்த வைரக் கத்தியால் கீறினார்கள். கை எவ்வளவு தேர்ந்தாலும் கீறலின் ஆழம் கொஞ்சம் கூடும், குறையும். சிலருக்குப் பல வருஷம் கழித்தும் பார்வை மாறியது.

இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் நம்மவர். 1929இல் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். 1981 நவம்பரில், பண்டிகைக்குச் சமைத்து மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுபோய், எக்சைமர் லேசரின் புறஊதா ஒளியைப் பாய்ச்சினார். வெட்டு சுத்தமாக விழுந்தது. பக்கத்துத் தசை கருகவில்லை! கூட உழைத்தவர்கள் ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளூம்.

ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். இந்த லேசரின் ஒரு துடிப்பு சுமார் கால் மைக்ரோனைத்தான் எடுக்கும். தலைமயிரோ சுமார் 70 மைக்ரோன் தடிப்பு! 1983இல் கண் டாக்டர் ஸ்டீபன் துரோக்கலுடன் சேர்ந்து விலங்குக் கண்களில் சோதித்தார்கள். 1995இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி தந்தது.

ஆனால் கருவி நுட்பமானால் மட்டும் போதாது. அளவும் சரியாக இருக்க வேண்டும். எடுத்த படலம் திரும்ப வளராது. ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

1. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கண்ணாடியின் பவர் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

2. கோர்னியா மெல்லியதாகவோ கூம்பு போலவோ இருந்தால் கூடாது. தடிப்பையும் வளைவையும் அளந்தார்களா என்று கேளுங்கள்.

3. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பொறுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. "பாட்டிக்குக் கண்ணுல வெள்ளை விழுந்திருச்சு, லேசர் போட்டாச் சரியாகிரும்" என்று நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். கண்புரை இருப்பது உள்ளே உள்ள வில்லையில். இந்த லேசர் திருத்துவது வெளிப் படலத்தை. புரைக்கு அந்த வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்க வேண்டும். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பார்ப்பதற்குக் காசு இல்லை. தூரப் பார்வை மங்கிய பலருக்கு ஒரு நல்ல மூக்குக்கண்ணாடியே போதும்.

கவ்வாத்துக்கு முன் செடியைப் பார்க்கிறோம். கண்ணுக்கும் அப்படித்தான்: முதலில் அளவு, பிறகுதான் வெட்டு.