வெள்ளம் வரும் முன்: முன்னேற்பாடும் தவக்குலும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நமது நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஸ்ரீரங்கம் தாண்டி சென்னை ரோட்டில் போகும்போது கொள்ளிடத்தைக் கடக்கிறோம். அங்கே 1928-ல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி, உபரி நீர் கொள்ளிடத்தில் பாய்ந்தபோது அதன் தூண்கள் சரிந்தன. சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் 1836-ல் கட்டப்பட்ட கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 உடைந்து போயின.

பழைய பாலம் சரிந்தபோது அதன் மேல் பஸ் எதுவும் ஓடவில்லை. பக்கத்தில் கட்டிய புதிய பாலத்துக்குப் போக்குவரத்து 2016-லேயே மாறியிருந்தது. பழையது நின்றுகொண்டிருந்த காலத்திலேயே புதியதைக் கட்டியதால் பேராபத்து தவிர்ந்தது. நம் வீட்டில் அப்படி எதையாவது முன்கூட்டிச் செய்து வைத்திருக்கிறோமா?

முன்னேற்பாடு ஈமானுக்கு எதிரானதா?

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டும்படியே நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (திர்மிதி). தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை அவர்கள் சேமித்து வைத்ததும் புகாரியில் பதிவாகியுள்ளது.

ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகும் வீட்டை விட்டு வெளியேற மறுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊரின் இரண்டு வெள்ளங்கள்

திருச்சிக்கு வெள்ளம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, மேட்டூர் நிரம்பி காவிரியிலும் கொள்ளிடத்திலும் வருவது. பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும். அணையிலிருந்து தண்ணீர் வந்து சேர நேரம் ஆகும். அரசும் முன்பே எச்சரிக்கை விடும். மற்றொன்று, வடகிழக்குப் பருவமழையில் கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் பெருகி ஊருக்குள் புகுவது. 1977-லும் 2005-லும் நம் ஊர் இதைக் கண்டது. இதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. எனவே மழை தொடங்கிய பிறகு பை தேடினால் தாமதமாகிவிடும்.

சேமிப்பதும் பதுக்குவதும்

ஆனால் இதில் இன்னொரு எல்லையும் உண்டு. அமெரிக்காவில் சிலர் பூமிக்கு அடியில் அறை கட்டி, பல ஆண்டுகளுக்கான உணவை அடுக்கி, அதைக் காக்கத் துப்பாக்கியும் வைத்திருக்கிறார்கள். பேரழிவு வந்தால் பக்கத்து வீட்டுக்காரனே எதிரி என்பது அவர்களில் பலருடைய கணக்கு. நாம் அப்படியில்லை என்று சொல்லிவிட வேண்டாம். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்ததும் கடைகளில் முண்டியடித்தது யார்? மூட்டை மூட்டையாக வாங்கியபோது, அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் மறுநாள் என்ன சமைப்பார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்?

பதுக்குபவன் பாவி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). யூசுஃப் (அலை) அவர்கள் 7 ஆண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். பஞ்சம் வந்தபோது வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும் அந்தக் களஞ்சியத்திலிருந்து தானியம் கிடைத்தது. தம்மைக் கிணற்றில் போட்ட சகோதரர்களுக்கும் அவர்கள் அளந்து கொடுத்தார்கள்.

அஷ்அரீ கோத்திரத்தாரிடம் உணவு குறைந்தால், எல்லோரிடமும் இருப்பதை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்களாம். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள் (புகாரி, முஸ்லிம்). நாம் எவ்வளவு சேர்த்தோம் என்பதோடு, யாரை மனதில் வைத்துச் சேர்த்தோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

ஒரு பையை எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், பேங்க் பாஸ்புக் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத கவரில் போடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். டார்ச், பவர் பேங்க், ஓஆர்எஸ் பாக்கெட், கொஞ்சம் ரொக்கம், 3 நாளைக்குக் குடிதண்ணீர், அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடிய அவல், பேரீச்சம்பழம் போதும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஆறு பெருகும்போது செல்ஃபி எடுக்கப் போகும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துங்கள்.

பிறகு ஒரு பேப்பரை எடுத்து, உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள், நடக்க முடியாதவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், கர்ப்பிணிகள் யார் யார் என்று எழுதுங்கள். முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்று பார்க்க வேண்டாம். அண்டை வீட்டாரின் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரை அழைத்து வரப்போவது யார் என்றும் எழுதுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளும் இளைஞர்களும் அந்தப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கட்டும். இரவில் பள்ளிவாசலைத் திறக்கச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியட்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டோம் என்ற பெருமையும் வேண்டாம். கயிறு நம் கையில், காவல் அல்லாஹ்விடம். யா அல்லாஹ்! எங்கள் ஊரையும் ஊராரையும் ஆபத்துகளிலிருந்து பாதுகாப்பாயாக. சோதனை வந்தால், பிறருக்குக் கதவு திறக்கும் வீடுகளாக எங்கள் வீடுகளை ஆக்குவாயாக. ஆமீன்.