மைக் வாங்கும் முன் ஒரு சொல்வதெழுதுதல்

2018–19ஆம் கல்வியாண்டு முதல் நம் பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபோது ஆசிரியர்கள் பலர் வீட்டிலிருந்தே குரல் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்பினோம். அந்தப் பழக்கம் நிலைத்த பிறகு, "எந்த மைக் வாங்கலாம்?" என்ற கேள்வியும் வந்துவிட்டது. விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், நம் பதிவில் குழந்தைக்கு எது கேட்க வேண்டும் என்று பார்ப்பது நல்லது.

கேட்க வேண்டிய வேறுபாடுகள்

வகுப்பில் நம் வாயசைவைக் குழந்தை பார்க்கிறது. பதிவில் ஒலி மட்டுமே துணை. நான் வசிக்கும் வண்ணாரப்பேட்டையில் தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீடுகளிலிருந்தும் குழந்தைகள் தமிழ்வழி வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் ழகரத்தைத் திருத்தமாகக் கேட்பதே ஆசிரியரிடம்தான். பல்லி–பள்ளி, வலி–வழி, மனம்–மணம், படம்–பாடம் ஆகியவை பதிவிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

'பாடு', 'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். 'பாட்டு' என்னும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கும் ஒரு கணம் ஒலியே இல்லை. அந்தச் சிறு மௌனமும் ஒற்றின் அடையாளம். எதிரொலியோ தெருச்சத்தமோ அந்த இடைவெளியை நிரப்பினால், ஒற்று மங்கிவிடும்.

தூரமும் அறையும்

எங்கள் பகுதியில் புறநகர் ரயில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், எம்.சி. சாலைக் கடைவீதி என ஓசைக்குக் குறைவில்லை. இங்கே முதலில் உதவுவது தூரத்தைக் குறைப்பதுதான். மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரம் பாதியானால், நேராக வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். தெருச்சத்தம் அப்படியே இருக்கும். 60 செ.மீ. தூரத்தில் வைத்த கைப்பேசியை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் லாபம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

எதிரொலிக்கு மருந்து துணி. வெற்றுச்சுவரும் மொசைக் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும். தொங்கும் சேலைகள், மெத்தை, கம்பளி ஆகியவை ஒலியை உறிஞ்சும். திறந்த துணி அலமாரியை நோக்கி அமர்ந்து பேசினாலே வேறுபாடு தெரியும். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடலாம்.

மூன்று வகை மைக்

காலர் மைக்: சட்டையிலோ சேலையிலோ மாட்டுவது. பெரும்பாலும் எல்லாத் திசை ஒலியையும் எடுக்கும். ஆனால் தலையைத் திருப்பினாலும் தூரம் அதிகம் மாறாது. துணி உரசாமல் மாட்ட வேண்டும்.

கன்டென்சர் மைக்: மிக மெல்லிய ஒலியையும் எடுக்கும். அமைதியான அறைக்கு ஏற்றது. கணினியில் நேரடியாகச் செருகும் யு.எஸ்.பி. வகையும் உண்டு. பல மாதிரிகளில் உச்சியை நோக்கியல்ல, பக்கவாட்டை நோக்கிப் பேச வேண்டும்.

டைனமிக் மைக்: மேடைகளில் கையில் பிடித்துப் பேசுவது பெரும்பாலும் இதுதான். வாய்க்கு அருகில் வைத்துப் பேசினால் தெருச்சத்தம் பின்னுக்குப் போகும். இதன் மின்குறிகை வலுக்குறைந்தது. யு.எஸ்.பி. இணைப்பு இல்லாத மாதிரி என்றால், குறிகையைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் தனியாகத் தேவை. அந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முன்புற ஒலியை மட்டும் அதிகம் எடுக்கும் 'கார்டியாய்டு' மைக் என்றால், அதன் முதுகு சன்னலைப் பார்க்கும்படி வையுங்கள்.

சொல்வதெழுதுதல் சோதனை

மேலே சொன்ன இணைச்சொற்கள் போல 20 சொற்களை வரிசை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவருக்கு வாயை மறைத்துக்கொண்டு நேரில் சொல்லி எழுதச் செய்யுங்கள். இதில் தவறும் சொற்களுக்கு மைக் பொறுப்பல்ல. உச்சரிப்பில் கவனம் வேண்டும். பிறகு அதே சொற்களை வேறு வரிசையில் இப்போதுள்ள கைப்பேசியில் பதிவு செய்து, விலை குறைந்த ஒரு கைப்பேசியின் ஒலிபெருக்கியில் போட்டு எழுதச் செய்யுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் அப்படித்தானே கேட்கிறார்கள்!

தவறுகளே வழிகாட்டும். பாடு–பாட்டு போன்றவை குழம்பி, பதிவு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தால் எதிரொலிதான் காரணம், துணி போதும். 'பம்பரம்' என்னும்போது காற்று வெடித்தால் மைக்கைச் சற்று ஓரமாகத் திருப்புங்கள். லாரி உறுமல் மேலோங்கினால், ஒலித்தொகுப்புச் செயலியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். மிகுந்தால் சகரம் போன்ற மெல்லிய ஒலிகளும் தேய்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் பள்ளி 'பல்லி'யாகவே எழுதப்பட்டால், அப்போது மைக் வாங்கலாம். சத்தமான தெருவில் பாடம் மட்டும் பேசுவோருக்கு, கம்பியுள்ள காலர் மைக் சிக்கனமான முதல் படி என்பது என் கருத்து. அமைதியான அறை கிடைப்பவர்கள் யு.எஸ்.பி. கன்டென்சரைப் பார்க்கலாம். எதை வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அதே 20 சொற்களைப் பதிவு செய்து மீண்டும் எழுதச் செய்யுங்கள். தவறுகள் குறைந்திருந்தால் கொடுத்த பணம் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள்.